ராகு காலத்தில் வந்த மில்லிங் மிஷின்

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்கிற ஆள் நான். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.) அப்பேர்ப்பட்ட நான், ஒரு டன் இரும்பை எங்கே வைக்கக் கூடாது என்கிற சின்ன விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஓசூரில் ஒரு பட்டறையில் மில்லிங் மிஷின் ஓட்டுகிறேன். இரும்புக் கட்டியை மேஜைமேல் இறுக்கி, சுழலும் கட்டரால் சீவிச் சீவி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வருகிற வேலை. வீடு நல்லம்பள்ளிப் பக்கம். சனிக்கிழமை வந்தால், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இதுதான் நான் குடும்பம் நடத்துகிற லட்சணம். மகள் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் போய் என்னை "ஞாயித்துக்கிழமை அப்பா" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டுச் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. வீட்டிலேயே ஒரு மிஷினைப் போட்டுவிட்டால் அந்தப் பஸ்ஸுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம் என்கிற ஏக்கம் அன்றைக்குப் பிடித்தது.

மாட்டுக்கொட்டகையைப் பிரித்து ஷெட் போட்டோம். எந்த மிஷின் என்பதுதான் கேள்வி. கோயம்புத்தூரில் ஒரு குட்டி மிஷின் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். "வூட்டுக்கு அதுவே போதுமுங்க" என்றாள் என் மனைவி செல்வி. நியாயமான பேச்சு. ஆனால் அதே வாரம், பட்டறையில் பதினாறு வருஷமாக நான் ஓட்டிய பழைய மிஷினைக் கழித்துக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். பச்சைப் பெயின்ட் உரிந்துபோய், கைப்பிடி என் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அதைப் பழைய இரும்புக்காரனுக்கு விட மனசு வருமா?

"சின்னதுல இரும்பு வெட்டுனா மிஷினே ஆடும்" என்று செல்வியிடம் அடித்துச் சொன்னேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுக் காத்திருக்க, அந்தப் பழைய மிஷினோடு லாரி வந்தது. பத்து மணிக்கு வரவேண்டியது பதினொன்றுக்கு வந்தது. பொக்லைன் ஓட்டுகிற முனிராஜ் பெல்ட் கட்டி மிஷினைத் தூக்கியும் விட்டான். அப்போதுதான் எனக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது.

"நிறுத்துப்பா! ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் ஷெட்டுக்குள்ள போகக் கூடாது."

"அண்ணா, அதுவரைக்கும் அந்தரத்துல புடிச்சிட்டே நிக்கறதுங்களா? எங்கயாச்சும் எறக்கச் சொல்லுங்க" என்றான் முனிராஜ்.

முந்தின நாள் மழையில் வாசலெல்லாம் சேறு. சேறில்லாமல் சமமாகக் கிடந்தது ஒரே ஒரு சிமெண்ட் தளம். அதைக் கைகாட்டினேன்.

"ஏங்க, அது தண்ணித்தொட்டி மூடிங்க!" என்று செல்வி கத்தினாள்.

"நான் கூடவே நின்னு போட்ட கான்கிரீட்டு. யானையே நின்னாலும் தாங்கும். நீ போய்க் கற்பூரம் எடுத்துட்டு வா."

யானை என்றால் ஒருவேளை தாங்கியிருக்கும். ராகு காலம் முடியப் பத்தே நிமிஷம் இருந்தபோது 'மடார்' என்றது. செல்வி கற்பூரத் தட்டோடு நிற்க, என் மிஷின் தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனது. அதுவும் எந்தத் தண்ணீர்? எட்டு நாள் காத்திருந்து அன்று காலையில்தான் குழாயில் வந்து நிரம்பிய ஒகேனக்கல் தண்ணீர். மேலே கிரீஸ் மிதந்தது.

முனிராஜ் எட்டிப் பார்த்தான். "குளிப்பாட்டித்தான் உள்ள கூட்டிட்டுப் போவீங்களாட்ட இருக்குதுங்கண்ணா."

அதே பொக்லைன்தான் வெளியே எடுத்தது. மிஷினின் உடம்பில் குறுக்கே விரிசல். வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்தால் என்ன ஒட்டவைத்தாலும் பழைய நேர்த்தி வராது. செல்வி தொட்டியில் மிதந்த கிரீஸை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலாம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டுகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். (கண்டக்டர் தவிர யாருக்கும் தெரியாது.)

வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் மகள் சொம்பை நீட்டிச் சொல்வாள்: "தைரியமா குடிங்க. எங்க வூட்டுத் தண்ணியில இரும்புச்சத்து ஜாஸ்தி." மிஷின் ஷெட்டில்தான் நிற்கிறது. வாராவாரம் எண்ணெய் விட்டுக் கைப்பிடியைச் சுற்றுகிறேன். மேஜை பாதித் தூரம் வழுக்கிக்கொண்டு வரும், அப்புறம் நின்றுவிடும். இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் நான் ஓசூர் பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அன்றிலிருந்து செல்விக்கு ராகு காலம் என்ற பேச்சே ஆகாது. காலண்டரில் அந்தப் பக்கம் நான் விரலை வைத்தால் போதும், "ஒரு தொட்டி பத்தலீங்களா?" என்பாள். போன ஞாயிறு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மணி நாலே முக்கால். வாசலில் குறுக்கே வந்து நின்றாள்.

"இப்பப் போகாதீங்க. ஆறு மணி வரைக்கும் ராகு காலமுங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். பையை இறக்கி வைத்தேன்.