இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தவும்

செங்கல்பட்டு,
புரட்டாசி 4.

படாளத்தில் வசிக்கும் என் மூத்த சகோதரி பரிமளா அவர்களின் பாதங்களுக்குத் தம்பி தேவேந்திரன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் சியாமளாவும், குழந்தை அனுவும் மாப்பிள்ளை எழிலும் முருகன் புண்ணியத்தில் சுகம். தங்கள் உடல்நலம், கறவை மாடு, பின்பக்கத்து முருங்கை மரம் ஆகியவற்றின் க்ஷேமத்தை அறிய ஆவல்.

தாங்கள் பதினெட்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பியதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் நிற்கிறது. அத்தை உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க என்று அனு சொல்கிறாள்; படாளத்தில் டவர் சரியில்லை என்று நான் சொல்கிறேன். எப்படியிருந்தாலும், முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கடிதம் வரைந்தவன் என்ற முறையில் என் தரப்பு விளக்கத்தைத் தபால் மூலம் சமர்ப்பிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண போட்டோக்களைப் பார்த்துவிட்டு, நம் சித்தப்பா மகள் ஞானம்பாளிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்தது. "ஊரையே கூப்ட்டு வெச்சு கல்யாணம் பண்ணியிருக்கான். தாலியறுத்தவ வந்து முன்னால நின்னுடப் போறாளேன்னு எனக்கு மட்டும் வராதேன்னு கார்டு அனுப்பிட்டான்." அக்கா, இது அபாண்டம். கூடப் பிறந்தவன் மேல் இப்படி ஒரு பழியைப் போடலாமா? அந்தக் கார்டு உனக்கு மட்டும் வந்ததல்ல. நூறு கார்டு அடித்தேன். நூறிலும் அதே வாசகம், அதே எழுத்து. உனக்கு என்ன எழுதியிருந்ததோ அதேதான் ஊருக்கும்.

எளிய கல்யாணம் என்று முடிவானதன் காரணம் உனக்கே தெரியும். அனுவுக்குக் குருபலன் ஆவணியோடு முடிவதாக இருந்தது. ராகவன் மாமா மார்கழியில் தவறினார், இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஆகவே இப்போதைக்குத் திருப்போரூரில் ஒரு சின்ன மண்டபத்தில் இருபத்தைந்து பேரோடு தாலி. தை மாதம் செங்கல்பட்டில் மேளம், லைட், மூன்று பந்தி என்று பெரிய வரவேற்பு. புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற உன்னை இந்த நேரத்தில் அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் அந்த இருபத்தைந்தில் உன்னைச் சேர்க்கவில்லை. சம்மந்தி நீலமேகமும் ஒப்புக்கொண்டார். அவர்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்து ஆட்கள், சொந்தப் படகு உண்டு. பிள்ளை மட்டும் அனுவோடு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். "சின்னதா பண்ணு, பெர்சா பண்ணு சம்மந்தி, பொண்ணு எங்க வூட்டுக்கு வந்தா சரி" என்றார் நீலமேகம். தங்கமான மனுஷன்.

இனி இதைச் சொந்தக்காரர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமே. போனைப் போட்டு 'கல்யாணம் வைத்திருக்கிறேன், வராதே' என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? அதனால் கார்டு. வாசகம் அடியேன். 'எங்கள் மகளின் திருமணம் குடும்பத்தார் மட்டும் கூடி எளிய முறையில் நடைபெறுவதால், அன்புள்ளங்கள் நேரில் வரும் சிரமத்தைத் தவிர்த்து, இருந்த இடத்திலிருந்தே மணமக்களை வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தை மாத வரவேற்புக்கு அழைப்பு தனியே வரும்.' இதில் விளங்காத வார்த்தை ஒன்று உண்டா? மூன்று வரைவு கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதைத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். மேலே பிள்ளையார், கீழே மணமக்கள் படம், நடுவில் தேதி, முகூர்த்தம், மண்டபம். கார்டைப் பார்த்த சியாமளா, "மஞ்ச தடவாம குடுத்தா கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும்" என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வராதீர்கள் என்று சொல்லப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா என்று தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முப்பத்திரண்டு வருஷம் நான் எழுதிய எந்தக் கடிதத்தையும் எவனும் முழுசாகப் படித்ததில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வாங்குகிறவர்கள் மூன்று விஷயம்தான் பார்க்கிறார்கள்: தேதி, மண்டபம், கவரில் தன் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டிருக்கிறதா. எதிர்வீட்டு ஜெபசிங், "ஞாயித்துக்கெழமைதானே சார், லீவுதான், வந்துர்றோம்" என்றார். "இல்லை சார், கொஞ்சம் உள்ளே படிங்க" என்றேன். "அதெல்லாம் படிக்கறேன் சார், நீங்க நேர்ல வந்து கூப்ட்டதே பெருசு" என்று காபி கொடுத்துவிட்டார். காபி கொடுத்தவரிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? சம்மந்திக்கு முப்பது போக அறுபத்தொன்பது வீடு, அறுபத்தொன்பது காபி. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வார்த்தை தொண்டை வரை வந்து காபியோடு உள்ளே போய்விட்டது. உனக்கு மட்டும் ஏன் தபாலில் வந்தது என்று கேட்பாய். ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரன் எமன் மாதிரி வருகிறான், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று நாற்பது பேருக்கு டிபன் சொல்லியிருந்தேன், கொஞ்சம் தாராளமாகவே. ஆறரைக்கு ஜெபசிங் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஏழு மணி பஸ்ஸிலிருந்து எங்கள் காலனியே இறங்கியது. வராதே என்று அழைக்கப்பட்ட அத்தனை பேரும் பட்டுப் புடவையில், சந்தனத்தில், பரிசுப் பெட்டியோடு வந்தார்கள். அப்புறம் கடற்கரைப் பக்கமிருந்து மூன்று வேன். முதல் வேனிலிருந்து நீலமேகம் இறங்கினார்.

"சம்மந்தி, உங்க பக்கம் பன்னிரண்டு பேர் என்றுதானே பேச்சு?" என்றேன்.

"பன்னெண்டு பேராண்டதான் சொன்னேன் சம்மந்தி. நீங்க குட்த்த முப்பது பத்திரிகையும் வூட்ல சும்மா கெடக்குதேன்னு ஆளுக்கொண்ணு குட்த்தேன்."

"அதில் வராதீர்கள் என்றுதானே போட்டிருக்கிறது!"

"படிச்சவன் ஒருத்தன் சொன்னான். ஆனா மஞ்சா தடவிக் குட்த்துட்டு வராதேன்னா எவன் நம்புவான்? அச்சுல இன்னாவோ தப்பாயிடுச்சு, பாவம் டப்பு குட்த்து அட்ச்சிக்கீறாருன்னு பேசிகினே வேன்ல ஏறிட்டாங்கோ."

பொங்கல் முதல் பந்தியின் பாதியில் தீர்ந்தது. சியாமளா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். நீலமேகம் தோளைத் தட்டி, "இன்னாத்துக்கு பேஜாராவுற? கரைல காலைல வந்த வஞ்சிரம் கீது, ஒரு போன் போட்டா அரை மணில வறுத்து எட்த்தாந்துடுவாங்கோ" என்று போனை எடுத்துவிட்டார். "முருகன் கோயில் தெரு சம்மந்தி!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் நானே ஓடி அந்தத் தெருவில் இருந்த மூன்று ஓட்டலிலும் இட்லியை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தேன். அன்று காலை திருப்போரூரில் வேறு யாருக்கும் இட்லி கிடைத்திருக்காது.

இட்லிக்குப் போகும்போது சியாமளாவின் அண்ணன் மகன் சம்பத்தை வாசலில் நிறுத்தி, "இனிமேல் மண்டபத்துக்குள்ளே இருபத்தைந்து பேர்தான், எண்ணி விடு, அப்புறம் யார் வந்தாலும் கதவைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இரண்டு கையிலும் இட்லி அண்டாவோடு வந்து நின்றால் கதவு சாத்தியிருக்கிறது. "கணக்கு முடிஞ்சிடுச்சு மாமா" என்கிறான் உள்ளேயிருந்து. "டேய், நான் பொண்ணோட அப்பன்டா!" "தெரியுது மாமா. யார் வந்தாலும் தெறக்காதேன்னு நீங்கதான சொன்னீங்க?" சொன்ன வேலையைச் செய்கிறவனை நான் சர்வீசில் கூடப் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். அவன் எண்ணி விட்ட இருபத்தைந்தில் ஒன்பது பேர் அடுத்த மண்டபத்துக் காதுகுத்துக்கு வந்தவர்கள். மணமேடைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அய்யர் மைக்கில் பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'இங்கே இருக்கேன் சாமி' என்று கத்த, நீலமேகத்தின் ஆட்கள் படகு தள்ளுகிற மாதிரி ஒரு 'ஏலேலோ' போட்டுக் கதவைத் தள்ள, எல்லாருமாக உள்ளே போய் விழுந்தோம். நீ போட்டோவில் பார்த்த கூட்டம் அதுதான். அதில் நான் கூப்பிட்டவர் எத்தனை பேர் என்று நீயே சொல்.

அப்புறம் ஒன்று நடந்தது. தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்கி வர ஒரு பெரிய மனுஷி வேண்டும் என்றார் அய்யர். சியாமளா யாரைச் சொல்வது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எழிலின் அத்தை கன்னியம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டார். மாமல்லபுரத்தில் மீன் விற்கிறவர். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் பதினோரு வருஷம். நெற்றியில் திருநீறு மட்டும். நம் பக்கத்தில் யாரோ, "அந்தம்மாவை ஓரமா இருக்கச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தார்கள். அது கன்னியம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா? நான் தூக்கி வளத்த புள்ள இது. நான் எட்த்துக் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்று ஒரே வார்த்தை. அவர் பாட்டுக்கு வரிசை வரிசையாகத் தட்டோடு வந்தார். வந்திருந்த அத்தனை பேரும் தொட்டுக் கும்பிட்டார்கள், காதுகுத்துக்காரர்கள் உட்பட. வானம் இடிந்து விழவில்லை அக்கா. என்னிடம் வந்தபோது நின்று, "பொண்ணுக்கு அத்த எங்க? அத்த இல்லாம இன்னா கல்யாணம்?" என்று கேட்டார். உனக்கு மூட்டுவலி என்று சொல்லிவிட்டேன். மேடையிலிருந்து அனு என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. போட்டோவில் நான் சிரிப்பது போட்டோகிராபர் சொன்னதால்.

ஆக, மேற்கூறிய காரணங்களால், கார்டு அனைவருக்கும் பொதுவானது என்பதும், வந்தவர்கள் எவரும் அழைக்கப்பட்டவர் அல்லர் என்பதும், எழுதியதை முழுசாகப் படித்து அதன்படி நடந்தவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் என்பதும் தெளிவாகிறது. எனவே கோபத்தைக் கைவிட்டு, தை மாத வரவேற்புக்கு நீ கட்டாயம் வர வேண்டும். முதல் வரிசையில் உனக்கு நாற்காலி போட்டு வைப்பேன்.

மாமாவின் படத்துக்கு என் பெயரைச் சொல்லி ஒரு முழம் பூ போடவும். ஞானம்பாளுக்கு என் விசாரிப்பு, மாட்டுக்கு ஒரு தடவல். உன் ஆசீர்வாதம் என் வீட்டுக்கு எப்போதும் வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி,
தேவேந்திரன்

பி.கு.: கவரை ஒட்டச் சொல்லி சியாமளாவிடம் கொடுத்தேன். ஒட்டாமல் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "நூறு கார்டு எதுக்கு அடிச்சீங்கன்னு எழுதலையே" என்றாள். எழுதிவிடுகிறேன்.

அக்கா, அச்சகத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கார்டு. உனக்கு மட்டும். நூறுக்குக் குறைந்தால் மெஷினே ஓட்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். உனக்கு ஒன்றைத் தபாலில் போட்ட பிறகு, மிச்சம் தொண்ணூற்றொன்பதும் வீட்டில் கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்றுதான் ஊர் ஊராகப் போய்க் கொடுத்தேன். ஸ்கூட்டரில் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஞானம்பாளிடம் சொன்னது அபாண்டமில்லை, அத்தனையும் நிஜம். நீ வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே, அது உன் மனசைப் புண்படுத்துமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அன்று கன்னியம்மாவை ஓரமா இருக்கச் சொல்லுங்க என்று முணுமுணுத்தது யாரோ இல்லை. நான்தான்.

ஐப்பசியில் அனுவுக்குத் தாலி பிரித்துக் கோர்க்க நாள் பார்த்திருக்கிறோம். சியாமளா ஒன்பது சுமங்கலிகளின் பெயரை எழுதி வைத்தாள். அனு அதை நாலாகக் கிழித்தாள். சியாமளா வேலைக்குப் போன நாலு வருஷமும் உன் மடியில் வளர்ந்த பெண், வேறு எப்படி இருப்பாள்? "அத்தை வந்து கோத்து என் கழுத்துல போடட்டும். வரலைன்னா இந்த மஞ்சக் கயிறே இருந்துட்டுப் போகட்டும், தை மாசத்துல ஒரு மண்ணும் வேணாம்" என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு படாளம் வருகிறேன். கதவை மட்டும் திற. திட்டணும்னா என்னை உள்ள கூப்ட்டு வெச்சுத் திட்டு.