லென்ஸ் அண்ணாச்சி பார்த்த வட்டம்

ஆகாயத்திலிருந்து பூமியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர், சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் கலர் சரிபார்க்கும் லென்ஸ் அண்ணாச்சி. இருவரில் அண்ணாச்சிக்குக் கவனம் அதிகம்.

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடியால் வந்த பெயர் அது. பட்டாசு லேபிளில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராவிட்டால், ‘ரிஜிஸ்டர் விலகியிருக்கு’ என்று மெஷினை நிறுத்திவிடுவார். டீ நேரத்தில் அதே கண்ணாடி செல்போன் மேல் ஏறும். செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்று வரும். அடியில் பழங்கால ஊர் புதைந்திருக்கிறதா, வெறும் மண்ணா என்று சொல்லவேண்டும். அதுதான் விளையாட்டு. எங்களுக்கு எல்லாப் படமும் கருகிய தோசை. அவரோ பாலைவனத்தில் கோட்டை கண்டு பாயிண்ட் அள்ளுவார்.

படங்கள் தீர்ந்ததும் நம் ஜில்லாவையே மேய ஆரம்பித்தார். சம இடைவெளியில் சின்னச் சின்ன அறைகள், சுற்றிலும் பொட்டல். ரெண்டாயிரம் வருடத்து ஊர் என்று அடித்துச் சொன்னார். பெரிதாக்கினால், எம். புதுப்பட்டியில் அவர் மனைவி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி. “அதான் எனக்கு இந்த இடுப்பு வலி” என்றாராம் மதினி.

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் நானே போய் மாட்டிக்கொண்டேன். மல்லாங்கிணறு பக்கம் என் மனையில் திங்கட்கிழமை வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஏற்பாடு. அதை ஆகாயத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று பெருமையாகக் கேட்டேன். அண்ணாச்சி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைச் செல்போன் மேல் கவிழ்த்தார்.

“தம்பி, மத்த எடமெல்லாம் பச்சை. இங்கன மட்டும் வட்டமாப் புல்லு காஞ்சிருக்கு, பாத்தீகளா? ரிஜிஸ்டர் விலகியிருக்கு. அடியில கல்லு. யாரையோ பொதைச்சிருக்காக.”

எனக்கு டீ மூக்கில் ஏறியது. வீடு போச்சு. மனைவிக்குத் தெரிந்தால் நானும் அந்த வட்டத்துக்குள் படுக்கவேண்டியதுதான். அரைக்கிலோ சாத்தூர் காராச்சேவு வாங்கி வைத்து, ஆட்டுக்கிடை போட்ட தடமாக இருக்கலாமே, நன்றாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சேவைத் தின்றுகொண்டே மறுபடி பார்த்தார்.

“பக்கத்து மனையில இன்னொண்ணு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். கரிசல் மண், சீமைக்கருவேலம், வேறொன்றுமில்லை. எனக்குப் போன உயிர் திரும்பியது. அண்ணாச்சி செல்போனைப் பார்த்தபடி நடந்தார், நின்றார், குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினார். ஒரு கல்லின் தலை. இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று. அப்படியே வளைந்து வந்து, தொடங்கிய கல்லிலேயே முடித்தார். நடுவே, மழை அரித்த இடத்தில் ஒரு முதுமக்கள் தாழியின் விளிம்பு, கறுப்பும் சிவப்புமாக.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

“எம்புட்டுக் காலமா இங்கனயே கெடக்காக. நாளைக்கிக் கடப்பாரை எறங்கியிருக்கும், தம்பி.”

கிராம நிர்வாக அலுவலரிடம் நானே போய்ச் சொன்னேன். அதிகாரிகள் வந்து அளந்து கயிறு கட்டினார்கள். பக்கத்து மனைக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மிஞ்சிய இடத்தில் ரயில்பெட்டி மாதிரி ஒரு வீடு கட்டியிருக்கிறேன். எதிரே மனைவி வந்தால் நான்தான் பின்னோக்கி நடக்கவேண்டும்.

அண்ணாச்சி ஞாயிறுதோறும் வருகிறார். கயிற்றோரம் நின்று உள்ளே கிடப்பவர்களை நலம் விசாரித்த பிறகுதான் எங்களை விசாரிப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் வரக் கால்மணி நேரம் பிந்தினால்தான் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருப்பேன்.