பிள்ளைக்காகத் துமி பார்க்கிறவர்

பிள்ளைக்காகக் கார்ட்டூன் பார்க்கிற ஆண்கள் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் சாய்ந்து, கையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, "சின்னவ பாக்கிறா, நான் சும்மா இரிக்கன்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறிவித்தபடி இருப்பார்கள். பத்திரிகையின் பக்கம் மட்டும் புரளாது.

காத்தான்குடியில் சாரன் துணிக்கடை வைத்திருக்கும் அஸாம் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. அவர் மகள் ஷஸ்னா பார்க்கும் தொடரில் துமி என்றொரு சிறுமி. வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரத் துண்டு வீட்டுக் கிணற்றில் கரைந்த அன்று, அதில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவள். அன்றிலிருந்து நல்ல தண்ணீர் பட்டால் பறப்பாள், லொறியைத் தூக்குவாள். உப்புத் தண்ணீர் பட்டால் சோர்ந்து சாதாரணப் பிள்ளையாகிவிடுவாள். இவ்வளவும் ஷஸ்னாவுக்குத் தெரியும். அஸாமுக்கோ அந்தக் கிணற்றின் ஆழமும் தெரியும்.

ஒவ்வொரு வெள்ளி மாலையும் இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், ஒருவர் முந்தக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு வெள்ளி, துமி ஓர் ஆற்றுமுகத்தில் விழுவதோடு கதை நின்றது. முதலில் கண் கலங்கியது அஸாமுக்கு. மேலே சுற்றும் பேனிலிருந்து தூசி விழுந்தது என்று மனைவி நுஸ்ராவுக்கு விளக்கம் கொடுத்தார்.

மறுநாள் தேநீர்க்கடையில் பிரச்சினையை அவரே அவிழ்த்தார். கடலோடு சேர்கிற நம்மட வாவிக்குள் விழுந்திருந்தால் அவள் சக்தி போயிருக்குமா? வாவியில் வலை போடுகிற தங்கராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்ப விழுந்தவ எண்டு சொல்லுங்க. வெள்ளம் வடிய முகத்துவாரத்த அடைச்சிருக்கிற மண்ண வெட்ட முதல் எண்டா முழுக்க மாரித் தண்ணி, பயமில்ல. வெட்டினாப் பிறகு கடல் உள்ளுக்க வந்திரும். புள்ளட கதை முடிஞ்சுது."

கடை இரண்டு கட்சியானது. இதை எழுதுகிறவனும் மேசையைத் தட்டி உப்புக் கட்சிக்காகப் பேசினான். அவனுக்குப் பிள்ளையே இல்லை.

அஸாமால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சாரன் அடுக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்து, அன்றைய பகுதி முழுவதையும் போனில் பார்த்துவிட்டார்.

மாலையில் துமி உப்பு நீரில் மூழ்கிக்கொண்டிருந்தாள். ஷஸ்னா வாப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அஸாம் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மழை கொட்டியது, துமி எழுந்தாள், ஷஸ்னா திரையை விட்டு வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, நீங்க பாத்திட்டீங்க."

"இல்ல மகள்."

"போன கிழமை அவ விழக்குள்ள அழுதீங்க. இண்டைக்கு ஏன் அழல்ல?"

"இண்டைக்குப் பேன்ல தூசி இல்ல போல" என்றாள் நுஸ்ரா அடுப்படியிலிருந்து.

ஷஸ்னா தலையணையைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போய்விட்டாள். அதற்கடுத்த வெள்ளி தாயும் மகளும் பார்க்க, அவர் பத்திரிகையோடு வாசற்படியில் நின்றார். உள்ளே போகக் கால் துடித்தது. ஆனால் பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பார்த்தால் அது கார்ட்டூன் பார்ப்பதாகிவிடுமே. திரையில் துமியை உப்பளத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"வாப்பா, இத பாத்தீங்களா?" ஷஸ்னா திரும்பாமலே கேட்டாள்.

"அல்லாஹ் மேல சத்தியமா பாக்கல்ல, மகள்."

"அவ தப்புவாவா?"

"தெரியா, மகள்." குரல் உடைந்தது. ஷஸ்னா தலையணையைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

நீங்கள் இப்படிப்பட்டவரில்லை, சந்தோஷம். ஆனால் மழை வந்து துமி எழுந்தாள் என்று மேலே படித்தபோது, கொட்டிய மழை அத்தனை உப்பையும் வெல்லப் போதுமா என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் மெல்லத் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளை ஏதாவது இருக்கிறதா?