வெளுக்க வெளுக்கச் சிவந்த கை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, சலவைக்கடை மூவரும் நலம். இரண்டாவது மெஷின் மட்டும் சற்று முனகுகிறது. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும், எல்லோருக்கும் மேலாக என் பேத்தியும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பேத்தியை முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இந்தாங்க, உங்க சொத்தை நீங்களே பிடிங்க" என்று ஆசையாக நீட்டியபோது, நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் பின்வாங்கினேன். தாங்கள் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆற்றிவைத்த காபியைக்கூடத் தொடாமல், முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் கன்னம் இரண்டும் சொரசொரவென்று சிவந்திருந்ததைப் பார்த்து நான் அருவருத்தேன் என்றுதானே நினைத்தீர்கள்? பேத்தியை இனி இந்த வாசற்படி ஏறவே விடமாட்டீர்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குற்றம் குழந்தையின் கன்னத்தில் இல்லை, என் கையில். விரலிடுக்கில் டீக்கறை மாதிரி ஒரு சிவப்பு வந்தது. நானோ வாழ்நாளெல்லாம் கறையோடு குடித்தனம் நடத்துகிறவன். கறையென்றால் ஊறவைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், கொதிக்கிற வெந்நீரில் அலச வேண்டும்; போகாவிட்டால் இன்னும் தேய்க்க வேண்டும், இது எங்கள் தொழிலின் வேதம். அப்படியே செய்தேன். சம்பந்தி, அரிப்பெடுத்த இடத்தில் வெந்நீர் விழுகிற சுகம் இருக்கிறதே, அதைச் சொன்னால் புரியாது. கடை முழுக்க நீராவி, வெள்ளை விரிப்புகள் மெல்ல அசைகின்றன, மெஷின் தாலாட்டுப் போலச் சுற்றுகிறது, நான் குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் கை முன்பைவிடச் சிவந்து, வெடித்து, நீர் கசிகிறது. "உங்க கை என்ன ஓட்டல் பெட்ஷீட்டா? இந்தத் தேய்ப்பு தேய்க்கறீங்க!" என்று மனைவி கத்தினாள். கடையில் இஸ்திரி போடுகிற பையன், 'மடிப்பு' என்று நாங்கள் கூப்பிடுகிறவன், வந்து எட்ட நின்று பார்த்துவிட்டு, "மொதலாளி, இது ஒட்டுவாரொட்டி. கொழந்த பக்கம் போயிடாதீங்க" என்றான். அவ்வளவுதான். எனக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, துவைத்த விரிப்புகளுக்குப் பின்னால் தனிப் படுக்கை.

மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் பட்டப்பகலிலேயே கனவு வருகிறது. ஒருநாள் கனவில் என்னை நன்றாக வெளுத்துப் பிழிந்து, தோளில் இரண்டு கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே புல்லில் பேத்தி தவழ்ந்து வந்து, என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். தூக்கலாமென்று குனிந்தேன். என் சட்டைக் கைகள் இரண்டும் காலியாகக் காற்றில் ஆடின. விழித்தபோது கண் நனைந்திருந்தது. மனைவியிடம் நீராவி என்று சொல்லிவைத்தேன்.

தாங்கள் வந்துபோன மறுநாள் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "எதைப் போட்டுக் கழுவறீங்க?" என்றார். "கறை நீக்குற பவுடர்ங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது கரப்பான். எக்ஸிமான்னு சொல்லுவோம். படர்தாமரைன்னா வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல தெளிஞ்சு பரவும். அதுதான் ஒட்டும். உங்களோடது யாருக்கும் ஒட்டாது. சோப்பும் சுடுதண்ணியும்தான் உங்களுக்கு எமன்" என்றார். இனி வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றியெடுத்து ஈரம் காயுமுன் கெட்டியாக வாசலின், சிவந்த இடத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் களிம்பு, வேலை நேரத்தில் ரப்பர் கையுறைக்குள்ளே பருத்திக் கையுறை. "கொழந்தையத் தூக்கலாங்களா? அவ கன்னமும் இப்படித்தாங்க சிவந்திருக்கு" என்று கேட்டேன். "தாராளமா தூக்குங்க. அந்தக் கன்னத்தையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, இதெல்லாம் குடும்பத்துல வர்றதுதான். ஆனா உங்க களிம்பை அவளுக்குப் போட்டுடாதீங்க" என்றார். ஆக அந்தக் கன்னம் எங்கள் வீட்டுச் சீதனம், சம்பந்தி! தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள்; எங்கள் விஷயத்தில் தோலும் ஆடுகிறது. வெட்கப்பட வேண்டிய நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இப்போது நான் வாசலின் பிசுக்குக் கையோடு வெள்ளைத் துணிப் பக்கம் போகக்கூடாதென்று மனைவி தடை போட்டிருக்கிறாள். பருத்திக் கையுறையோடு கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் மாத்திரையின் தூக்கக் கலக்கத்தில் வரவேற்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. தாங்கள் கோபத்தை ஆற்றிக்கொண்டு, ஒரேயொரு முறை பேத்தியை என் கையில் கொடுத்தால் போதும். வேண்டுமானால் தங்கள் வாசலிலேயே நின்று வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்தியின் இரண்டு கன்னங்களுக்கும் தலா ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
சம்பந்தி

பி.கு.: கடித உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியம்மாளிடமிருந்து போன். தங்கள் கோபம் தணிந்ததா என்று கேட்டேன். "கோவமா? யாரு சொன்னா? அவருக்கு இடுப்புல, பெல்ட்டுக்கு அடியில வட்ட வட்டமா அரிப்பு. சம்பந்தி வீட்டுல சொறிய முடியாம எழுந்து ஓடி வந்தாரு. இன்னைக்குத்தான் டாக்டர் படர்தாமரைன்னு சொல்லி மருந்து குடுத்தாரு" என்றார். ஆகவே மேலே நான் கெஞ்சியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தங்கள் துண்டைத் தனியாக வைக்கவும். மருந்தை அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்லும்வரை போடவும். என் களிம்பைக் கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம். அது தங்களுக்கு ஆகாது. தங்களுடையது ஆறும்வரை குழந்தை இங்கேதான் இருக்குமாம், மாப்பிள்ளை நாளைக் காலையில் கொண்டுவந்து விடுகிறார். தாங்கள் கவலையே படாதீர்கள், தங்கள் பங்கையும் சேர்த்து நானே தூக்கி வைத்துக்கொள்கிறேன்.