சின்ன எழுத்தில் நூர்ஜான்

யார் துணையும் இல்லாமல் இந்தக் கம்ப்யூட்டரைத் தானே சரிசெய்துவிடுவது என்று நஸ்ருதீன் காலை பத்து மணிக்கு முடிவெடுத்தார். பதினொன்றரைக்கும் அதே முடிவில்தான் இருந்தார். கம்ப்யூட்டரும் அதே நிலையில்தான் இருந்தது.

நல்லூரில், வீட்டு முன்னறையிலேயே அவருக்கு எம்பிராய்டரி டிசைன் போடும் தொழில். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் போன வாரம் மூச்சை விட்டது. புதிதாக வந்ததில் லினக்ஸ். டிசைன்களையெல்லாம் அதில் ஏற்றியாயிற்று. சாஃப்ட்வேரைத் திறந்தால் மட்டும் ஒன்றையும் காணோம். டிசைனுக்கு வழிகாட்ட வேண்டிய செட்டிங்ஸ் ஃபைல், காலிசெய்த வீட்டு விலாசத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. டி டிரைவுக்குப் போ என்றது. லினக்ஸில் டி டிரைவே கிடையாது.

இரண்டு மணிக்கு முதலிபாளையம் பனியன் கம்பெனிக்காரர் வருகிறார். அவர் கேட்டது நஸ்ருதீன் போட்ட முதல் டிசைன், மருதாணிக் கொடி. அது இல்லையென்றால் ஆர்டரும் இல்லை.

"ஏனுங்க, நான் பாக்கட்டுங்களா?" மனைவி நூர்ஜான் எட்டிப் பார்த்தாள்.

"விசில் எண்ணறதுக்கு இது குக்கரா? சிஸ்டம்! நீ மாடிக்குப் போய்த் துணி எடு."

"துணி இன்னும் காயலீங்க."

"காயற வரைக்கும் காவல் இரு."

போனை எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

உண்மையில், கல்யாணத்துக்கு முன்பே தாராபுரத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் அவள்தான். கல்யாணமான புதிதில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, இவர் கைமேல் கைவைத்து மவுஸ் நகர்த்திக் காட்டியதும் அவள்தான். அந்தக் கையின் சூடு நஸ்ருதீனுக்கு நன்றாக நினைவிருந்தது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் கடை முனீசுக்கு ரகசியமாகப் போன் போட்டார். முனீசுக்குத் தூத்துக்குடிப் பக்கம்.

"செட்டிங்ஸ்ல டி டிரைவை எடுத்துட்டேன் முனீசு. விலாசத்துல சாஞ்சிருந்த கோடுகளையெல்லாம் எதிர்ப்பக்கம் சாச்சுட்டேன். அப்பவும் வர மாட்டீங்குது."

"இருங்க அண்ணாச்சி, கூப்பிடுதேன்."

ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். "டிசைன் இருக்க ஃபோல்டர் பேரு என்ன அண்ணாச்சி?"

"நூர்ஜான்... இங்கிலீஷ்ல."

"மொத எழுத்து பெருசா, சின்னதா?"

ஃபோல்டரில் பெரிது. செட்டிங்ஸில் சின்னது.

"விண்டோஸ் அதெல்லாம் பாக்காது. லினக்ஸ்ல பெரிய எழுத்துப் போட்டு மரியாதையா கூப்பிட்டாத்தான் மதினி வருவாவ."

ஒரே எழுத்தை மாற்றினார். திரை முழுக்கக் கொடி படர்ந்தது.

"நூரு! ஓடி வா!"

ஈரத்துணியோடு வந்தவள், போனை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது என்ற கை இல்லீங்களா! மொதப் பெருநாளைக்கு வெச்ச மருதாணி. பாத்து வரையோணும்னு நாள் பூரா நீட்டச் சொன்னீங்க. சோறுகூட நீங்கதான் ஊட்டுனீங்க."

நஸ்ருதீன் அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாம் இந்த மண்டைதான் நூரு. ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கலை."

"அதானுங்க" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

மேஜையில் அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். வாய் திறப்பதற்குள் முனீஸ் முந்திக்கொண்டார்:

"மதினி, நீங்க சொன்னத அப்படியே அண்ணாச்சிகிட்ட ஒப்பிச்சுட்டேன். செஞ்சுட்டாவளா, இல்ல, நீங்களே எறங்கிப் போயிருதீயளா?"