இடம் பெயராத பறவை

பறவைகளைக் காப்பாற்ற அவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்ற பழைய மூடநம்பிக்கையை ஒழித்த பெருமை, பறவைகள் நல அலுவலகத்தையே சேரும். அங்கே வெயில் படாமல், சேறு மிதிக்காமல், எல்லாம் திரையிலேயே முடிந்துவிடும்.

ஏரியை மூடிக் கட்டடம் எழுப்பலாமா என்று அந்த அலுவலகம்தான் சொல்ல வேண்டும். பறவை இருந்தால் கூடாது. அலுவலகம் அனுப்பிய படக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுத்த படங்களை அதன் இயக்குநர் பார்த்தார். வானமெங்கும் கறுப்புப் புள்ளிகள்.

"என்னய்யா, ஒரே தூசி?"

"ஐயா, அதெல்லாம் நாரைங்க. தூசின்னா கேமராவுக்குள்ள சென்சார்ல ஒட்டிக்கிட்டு எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல நிக்கும். இதுங்க இடம் மாறுது பாருங்க."

"இடம் மாறுற தூசியா? அது இன்னும் ஆபத்தாச்சே!"

உடனே 'தூசி நீக்கக் குழு' கூடியது. பிஸ்கட் தின்றபடியே நாரைகளை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து துடைத்தார்கள். கடைசியில், இடது மூலையில் ஒரு கொழுத்த புள்ளி மட்டும் மிஞ்சியது.

"இதை விடுங்க. எல்லாப் படத்துலயும் தவறாம வந்திருக்கு. இதுதான் பறவை" என்றார் இயக்குநர்.

"ஐயோ, அதுதாங்க தூசி!"

வாயால் சொல்லி ஆகாது என்று, படக்காரர் அங்கேயே இயக்குநரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். இயக்குநரின் தலைக்கு மேலே, அதே மூலையில், அதே புள்ளி.

"பாருங்க, உங்க ரூம்லயும் இருக்கு."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னைத் தேடி வந்திருக்கேய்யா! அப்ப இதுக்கு ஏரியே தேவையில்லையே?"

'மேற்படி பறவை அலுவலகத்திலும் வாழ வல்லது' என்று அன்றைக்கே உத்தரவு பிறந்தது. லாரி லாரியாக மண் வந்து ஏரியை மூடியது. படக்காரர் வீட்டுக்குப் போய், மனம் வெறுத்து, சென்சாரைச் சுத்தமாகத் துடைத்தார்.

அடிக்கல் விழாவையும் அவரே படம் எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீரைத் தேடி வந்த நாரைகள் மண்மேட்டுக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இயக்குநர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேமராத் திரையின் இடது மூலையைத்தான் பார்த்தார்.

"நம்ம பறவை எங்கய்யா?"

"துடைச்சிட்டேங்க."

"அடப்பாவி! ஒரு உசுரைக் கொன்னுட்டியே!"

பறவைகளை அழித்த குற்றத்துக்காக அந்த அலுவலகம் இன்றுவரை தண்டித்திருப்பது படக்காரர் ஒருவரைத்தான்.