மருதாயி நன்றி சொன்ன பாலம்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில், மருதாயி என்றொரு முயல் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். போன மழையில் வெள்ளம் வளைக்குள் புகுந்து ஒரு குட்டியைக் கொண்டுபோய்விட்டது. நான்கு மூன்றானது அப்படித்தான். மேட்டு நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குறுக்கே ஒரு மரத்தைப் போட்டுவிட்டால் போதும், மழைக்கு முன்னால் குட்டிகளோடு அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் முயலால் மரம் தள்ள முடியுமா? மேகம் கறுத்தால் அவள் குட்டிகளை எண்ணிப் பார்ப்பாள். கறுக்காவிட்டால், எங்கே மொத்தமாகச் சேர்த்துக் கொட்டப் போகிறதோ என்று மறுபடியும் எண்ணுவாள்.

அந்தத் தொகுதியின் உறுப்பினர் பண்பரசு என்ற மயில். காட்டின் வரவுசெலவுத் திட்டம் வந்ததும் தொகுதியைக் கூட்டி விளக்கம் சொல்வது அவர் வழக்கம். பெரிய தொகை வரும் இடத்திலெல்லாம் தோகையை விரிப்பார். எல்லோரும் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள், பணம் எங்கே போனது என்று கேட்க மறந்துபோவார்கள். இந்த வருஷம் எல்லா உயிர்களுக்கும் விலையில்லாச் சீப்பு என்று அறிவித்தார். ஆமைகூடக் கைதட்டியது.

மருதாயி எழுந்து பாலம் கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார். அவருக்குப் பறக்கத் தெரியும். ஓடையைப் பற்றி அவருக்கென்ன?

அந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், ஆவதற்கு முன்பே நன்றி சொல்லி ஒரு விளம்பரத் தட்டி வைத்துவிடுவார்கள். உறுப்பினர் கூச்சப்பட்டாவது செய்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. மருதாயியும் தேக்கிலைகளைக் கோத்து, பாலம் தந்த பண்பரசு அய்யாவுக்கு நன்றி என்று எழுதிக் கரையில் கட்டினாள். உறுப்பினரின் உதவியாளரான மைனா அதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தலைநகருக்கு அனுப்பியது. அங்கே பார்த்தவர்கள், பாலம் முடிந்தது என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் முடிந்த வேலைகளின் பட்டியலில் பாலமும் சேர்ந்து வந்தது. மருதாயி எல்லோரோடும் சேர்ந்து பாதி கைதட்டிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"அய்யா, பாலம் எங்கே இருக்கு?"

"நன்றி சொன்னது நீங்கதானே தாயி? என்னைக் கேட்டா?"

கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பிறகு அவர் நிதிநிலையை விளக்கினார். இந்த வருஷம் புது வேலைக்குப் பணம் இல்லையாம். பழுது பார்க்கத்தான் இருக்கிறதாம். பழுது என்று புகார் வந்தால் அது நேரே தலைநகருக்குப் போகும், அதிகாரியே வந்து பார்ப்பார் என்று சொல்லித் தோகையை விரித்தார்.

மறுநாள் காலை மருதாயி மைனாவின் முன்னால் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் முள்ளம்பன்றி நின்றதால் வரிசை கொஞ்சம் தள்ளியே நின்றது. தன் முறை வந்ததும், பாலம் நடுவில் உடைந்துவிட்டது என்றாள். சொன்னதைச் சொன்னபடி அனுப்புவதுதான் மைனாவின் வேலை. அனுப்பிவிட்டது. சிறுத்தை அதிகாரி புறப்பட்டுவிட்டார் என்று பதில் வந்தது.

பண்பரசு அய்யா மருதாயியின் வளைக்கு நடந்தே வந்தார். தேர்தல் இல்லாத நாளில் அவர் அந்தப் பள்ளத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை.

"இருக்கிற பாலம் உடையலாம், தாயி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இல்லாத பாலம் உடைஞ்சா என் பதவி போயிடும்."

"அப்போ ஒண்ணு கட்டிடுங்களேன் அய்யா. நல்லா இருக்குன்னு நானே சொல்லிடறேன்."

"புகார் போயிடுச்சே. நல்ல பாலத்தைக் காட்டினா பொய்ப் புகார்னு உங்களைப் பிடிப்பாங்க. உடைஞ்ச பாலம்தான் வேணும்."

வேலையை யானையிடம் கொடுத்தார்கள். இந்தக் கரையில் ஒரு துண்டு, அந்தக் கரையில் ஒரு துண்டு போட்டுவிட்டால் ஆகாதா என்று மயில் கேட்டார். சிறுத்தைக்குக் கண் கூர்மை, வெட்டியதும் உடைந்ததும் அவருக்கு வேறாகத் தெரியும், முழுசாகப் போட்டால்தான் முறையாக உடைக்க முடியும் என்று யானை சொன்னது. மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள். காதுகள் மட்டும் நிமிர்ந்தே இருந்தன.

மரம் கரைக்குக் கரை விழுந்தது. உடைக்க யானை காலைத் தூக்கியது. பண்பரசு அய்யா தடுத்துவிட்டார். கட்டிய பாலத்தைத் திறந்துவைக்காமல் உடைப்பது மரபில்லையே. நாடாவுக்குப் பதிலாகக் கட்டியிருந்த கொடியை வெட்டினார், ஒலிபெருக்கியைப் பிடித்தார், நிதிநிலையை ஆரம்பித்தார்.

அவர் பேச்சு நீள வேண்டும் என்று மருதாயி அன்றுதான் வேண்டிக்கொண்டாள். மூத்த குட்டியை மரத்தின் மேல் தள்ளிவிட்டாள், அக்கரைக்கு ஓடிவிட்டது. அடுத்தது அதன் பின்னாலேயே போயிற்று. கடைக்குட்டி நடு மரத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து மயில், வாய்ப்புக்கு நன்றி என்று முடிக்கப் போனார். யானை பெருமூச்சுவிட்டுக் கிட்டே வந்தது.

"அய்யா, பற்றாக்குறை பற்றாக்குறைங்கிறீங்களே, அப்படின்னா என்னங்க?" என்றாள் மருதாயி.

அவர் முகம் மலர்ந்தது. யாரும் அவரிடம் அதைக் கேட்டதேயில்லை. தோகையை முழுசாக விரித்து ஆதியிலிருந்து தொடங்கினார். எல்லோரும் தோகையைப் பார்த்தார்கள். மருதாயி மரத்தில் ஏறி, கடைக்குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு அக்கரைக்கு ஓடினாள். கால் மண்ணில் பட்ட பிறகும் நிற்கவில்லை. மேட்டு உச்சியில்தான் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சு முடிந்தது. மரம் உடைந்தது. சிறுத்தை வந்து முகர்ந்து பார்த்து, புகார் உண்மை, அடுத்த வருஷத் திட்டத்தில் பழுது பார்க்கப்படும் என்றார். இந்தக் கரையில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். முதல் தூறல் அவர்கள் கைகளின் மேல்தான் விழுந்தது.

நீதி: இல்லை என்று கேட்காதே, உடைந்துவிட்டது என்று சொல். உடைப்பதற்காகவாவது ஒரு தடவை கட்டுவார்கள். பேச்சு முடிவதற்குள் கடந்துவிடு.